துரு ஊசி

என் வேலை, உங்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று உங்களிடமே சொல்வது. நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை. திறந்தாலும் இப்போதெல்லாம் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

பெயர் தமயந்தி. மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்தை இயக்குகிறேன். ஆரம்பத்தில் கட்டி, ரத்தக் கசிவு, ஜவ்வு விலகல் என்று மனிதர்களுக்கு வருகிற நோய்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடத்துக்கு முன் துரு ஊசி வந்தது. அன்றிலிருந்து பாதி நாள் அரசு ஊழியர்களின் வலியைத்தான் படம் பிடிக்கிறேன்.

அந்த ஊசிக்கு அரசாணையில் நாலு வரிக்கு ஒரு பெயர் உண்டு. கட்டை விரல் அளவு குப்பியில், கெட்டி டிக்காஷன் நிறத்தில் இருக்கும். உள்ளே இருப்பது இரும்பு ஆக்ஸைடு. அதாவது நம் வீட்டு ஜன்னல் கம்பியில் பிடிக்கிற துருவுக்குச் சொந்தக்காரன். ஆனால் ஒரு தலைமுடியின் குறுக்கே பத்தாயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு பொடி. மேலே சர்க்கரைப் பூச்சு. நரம்பில் ஏற்றினால் ரத்தத்தோடு மூளைக்குப் போய், எங்கே வலி என்று அலாரம் அடிக்கிறதோ அங்கே ஒட்டிக்கொள்ளும். காந்தத்துக்கு இரும்பைக் கண்டால் தெரியாமல் போகுமா? படத்தில் அந்த இடம் மட்டும் கறுப்பாக விழும். கறுப்பைக் கம்ப்யூட்டர் அளந்து, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கொடுக்கும். அதுதான் வலி எண். ஊசி வந்த முதல் வாரமே ஜனங்கள் அதற்குத் துரு ஊசி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அதற்கு முன்பெல்லாம் மருத்துவக் குழு என்று மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து, "எங்கே வலிக்கிறது?" என்று கேட்பார்கள். நன்றாக நடிக்கத் தெரிந்தவர்களுக்கு இலகுப் பணி, அதாவது உட்கார்ந்து பார்க்கிற லேசான வேலை, கிடைத்தது. நடிக்கத் தெரியாதவர்கள் யாரிடமாவது சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்தார்கள். இடது காலை நொண்டிக்கொண்டு உள்ளே போனவர், வலது காலை நொண்டிக்கொண்டு வெளியே வந்ததை நானே பார்த்திருக்கிறேன். முதுகெலும்பைப் படம் எடுத்தும் பிரயோஜனமில்லை. ஐம்பது வயது தாண்டிய யாரை எடுத்தாலும் எங்கேயாவது ஒரு ஜவ்வு பிதுங்கித்தான் இருக்கும். பிதுங்கியது வலிக்கிறதா என்பதுதானே கேள்வி. அதனால் துரு ஊசி வந்ததும் அரசுக்கு ஏக சந்தோஷம். ஆறுக்கு மேல் வலி எண் இருந்தால் இலகுப் பணி. மூன்றிலிருந்து ஆறு வரை தைலம். மூன்றுக்குக் கீழே போனால் ஆள் பூரண ஆரோக்கியம் என்று உத்தரவு போட்டார்கள்.

வந்த புதிதில் ஒரு தாலுகா ஆபீஸ் உதவியாளர், கழுத்து வலி என்று சோதனைக்கு வந்தார். வருகிற அவசரத்தில் எங்கள் வாசல் படியில் கால் கட்டை விரலை நச்சென்று இடித்துக்கொண்டார். ஆ, ஊ என்று கத்தியபடியே படுத்தார். வலி எண் 7.4. வீட்டுக்குப் பக்கத்திலேயே மாற்றல் கிடைத்தது. அடுத்த இரண்டு மாதம் எங்கள் வாசல் படியில் இடித்துக்கொள்ளாமல் ஒருவரும் உள்ளே வரவில்லை. கடைசியில் நிர்வாகம் அந்தப் படியை உடைத்துச் சரிவாகப் பூசிவிட்டது.

அத்தியப்பன் வந்தது அதற்கப்புறம்தான். ஐம்பத்திரண்டு வயது. அரசு பஸ் டிரைவர். டிரைவர் இல்லாமல் தானாக ஓடும் பஸ்கள் ஊரெல்லாம் வந்துவிட்ட காலம். ஆனால் செங்கரட்டு மலைக்கு ஏறும் பாதையில் அறுபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். வெள்ளோட்டத்தில் மூன்று தானியங்கிப் பஸ்களும் பதினோராவது வளைவில் நின்று, 'பாதுகாப்பு கருதி' என்று இனிமையான குரலில் அறிவித்துவிட்டு, அப்புறம் அசையவே இல்லை. இயந்திரத்துக்கு உயிர்மேல் இருக்கிற ஆசை மனிதனுக்கு இருக்கக் கூடாது என்பதால், மலைக்கு மட்டும் இன்னும் டிரைவர்கள் ஓட்டுகிறார்கள்.

அவர் மனைவி பூங்கொடி கூடவே வந்திருந்தாள். காந்த அறைக்குள் போகுமுன் உடம்பில் இருக்கிற உலோகத்தை எல்லாம் கழற்ற வேண்டும். அத்தியப்பனின் வெள்ளி அரைஞாணையும் முனியப்பன் கோயில் தாயத்தையும் அவள்தான் கழற்றினாள். ஷூவையும் அவள்தான். அவரால் குனிய முடியவில்லை. ஸ்கேன் மேஜையில் படுக்க அவருக்கு நாலு நிமிடம் ஆனது. முதலில் ஒரு கையை ஊன்றி, பக்கவாட்டில் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் புரண்டு முதுகைக் கீழே வைத்தார். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

"ரொம்ப வலிக்குதுங்களா?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம். லேசா. பழகிப்போச்சுங்க."

எங்கள் பக்கத்து ஆட்கள் இப்படித்தான். கை ஒடிந்து தொங்கும், "லேசா சுளுக்கிருச்சுங்க" என்பார்கள். வலியைப் பெரிதாகச் சொல்வது எதிரே இருப்பவருக்குச் செய்யும் அவமரியாதை என்று ஒரு நினைப்பு.

பூங்கொடிக்குப் பொறுக்கவில்லை. "எதுக்கு வந்தமோ அதைச் சொல்லுங்க. காலைச் சொல்லுங்க அவங்ககிட்ட" என்றாள்.

அவர் கூரையைப் பார்த்துச் சொன்னார்: "முதுகு கெடக்குதுங்க. அது இருபது வருசமா அப்படித்தான். இந்த வலது காலுதாங்க. முப்பதாவது வளைவு தாண்டினா அது இருக்குதா இல்லையான்னே தெரியறதில்லீங்க. கீழ பார்த்துத்தான் பிரேக்குல வெக்கறேன்."

"கீழ பார்க்கறப்ப ரோட்டை யாரு பார்க்கறது?"

"அதைத்தாங்க நானும் கேக்கறேன். டைம் ஆபீஸ்ல ஒரு சேர் போட்டுக் குடுத்தாப் போதுமுங்க. பஸ் வர்ற நேரம் போற நேரத்தை எழுதிக்கிட்டு இருந்துக்குவேன். எம்பட முதுகு எப்படியோ போவட்டும். பின்னாடி அறுபது பேரு உக்காந்திருக்காங்க."

ஊசி போட்டு, துகள்கள் மூளைக்குப் போய் ஒட்டுவதற்காக நாற்பது நிமிடம் காத்திருந்து, படம் எடுத்தேன். என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. மாசு மருவில்லாத படம். வலி எண் 0.0.

பூஜ்யம் யாருக்கும் வராது. செருப்புக் கடி, இறுக்கமான சட்டைக் காலர் என்று நல்ல ஆரோக்கியமான மனிதனுக்கே 0.5 காட்டும். படத்தைப் பார்த்து அறிக்கை தருகிறவர் டாக்டர் இளவழகன். சென்னைக்காரர், இளைஞர், நல்லவர். நல்லவர்களுக்கு உரிய கோழைத்தனமும் உண்டு. அவர் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார்.

"சார், அந்த மனுஷர் படுக்கறதுக்கே நாலு நிமிஷம் ஆச்சு. மிஷின்ல ஏதாச்சும் கோளாறா?"

"கோளாறு இல்ல தமயந்தி. இது இப்படித்தான் வரும்னு எனக்குத் தெரியும். இந்தத் துகள் வலியில ஒட்டாது, அலாரத்துல ஒட்டும். அலாரம் புது வலிக்குத்தான் அடிக்கும். இருபது வருஷம் ராத்திரி பகலா அடிச்சும் யாரும் வந்து பார்க்கலைன்னா, மூளை அலாரத்தையே நிறுத்திடும். வலி அங்கேயேதான் இருக்கு. அறிவிப்பு மட்டும் நின்னு போச்சு."

"அப்போ தாலுகா ஆபீஸ்காரர் கால் விரலை இடிச்சது...?"

"புத்தம் புது வலி. பளிச்சுன்னு விழுந்தது."

"இவருக்கு என்ன வழி?"

"பத்து நாள் நல்லா ரெஸ்ட் எடுக்கணும். ரெஸ்ட் எடுத்தா மூளைக்கு வலி இல்லாத நிலைன்னா என்னன்னு ஞாபகம் வரும். அப்புறம் ஒரு நாள் பஸ் ஓட்டச் சொல்லிப் படம் எடுத்தா கன்னங்கரேல்னு இருக்கும்."

"அப்ப பத்து நாள் லீவுக்கு எழுதுங்க."

அவர் மேஜையிலிருந்து அரசாணையை எடுத்து என் முன்னால் போட்டார். பிரிவு நான்கு, உட்பிரிவு ஆ. சோதனைக்கு முந்தைய தொண்ணூறு நாட்களில் மருத்துவ விடுப்பு எடுத்தவர்கள் சோதனைக்குத் தகுதியற்றவர்கள். லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்து வலியைத் தயார் செய்துகொண்டு வந்துவிடுவார்களாம். அதைத் தடுக்க யாரோ ஒரு புத்திசாலி அதிகாரி யோசித்துச் சேர்த்த வரி. ஊழியன் வலிக்கிறது என்றாலே பொய் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்கிற பழக்கம் நம் அலுவலகங்களில் ஊறிப்போன ஒன்று. ஆக, ஓய்வு எடுத்தால் சோதனை செல்லாது, எடுக்காவிட்டால் வலி தெரியாது.

"கால் மரத்துப்போறதுக்குத் தனியா நரம்புச் சோதனை இருக்கே, சார்?"

"இருக்கு. வலி எண் மூணுக்கு மேல இருந்தாத்தான் அதுக்கு அனுப்ப முடியும்."

"குறிப்புன்னு ஒரு வரி எழுதுங்களேன்."

"கட்டத்துல எண் மட்டும்தான் ஏறும். எழுத்துப் போட்டா மிஷின் ஏத்துக்காது" என்று சொல்லி, 0.0 என்று தட்டி அனுப்பிவிட்டார். அதன்பின் அரை நாள் என் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தார்.

பூஜ்யம் பணிமனைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதை என்னவாக எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? மாநிலத்திலேயே ஒரு சிறு வலிகூட இல்லாத முதல் டிரைவர்! 'வலியற்ற பணியாளர்' என்று ஒரு விருதை அவருக்காகவே உண்டாக்கினார்கள். பணிமனை வாசலில் அத்தியப்பன் சிரிக்கிற ஃப்ளெக்ஸ் பேனர். மேலாளர் பொன்னாடை போர்த்தும்போது அத்தியப்பனால் குனிய முடியாததால், மேலாளர் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று போர்த்தினார். விருது பெற்றும் தலை வணங்காத மனிதர் என்று அதையும் பாராட்டிப் பேசினார்களாம். இவ்வளவு உறுதியான முதுகை வீணாக்கலாமா என்று, தினம் ஒரு தடவை மலையேறிக்கொண்டிருந்தவருக்கு இரண்டு தடவையாக டியூட்டி போட்டார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ஒரு மாதம் கழித்துப் பூங்கொடி என்னைத் தேடி வந்தபோது. ஸ்கேன் அறை வாசலில் ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒரு புள்ளி வெச்சுக் குடுங்கக்கா" என்றாள்.

"என்ன புள்ளி?"

"படத்துல கறுப்பா விழுமாமே. சின்னதா ஒண்ணு. உங்களுக்கு ஒரு பேனாவுல வெக்கற வேலை."

சிரிப்பு வந்தது, ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. "அப்படியெல்லாம் வெக்க முடியாது பூங்கொடி. அவர் எப்படி இருக்கார்?"

"அதை ஏனுங்க கேக்கறீங்க. முன்னெல்லாம் வீட்டுக்கு வந்தா எங்கிட்டயாச்சும் அப்பா அம்மான்னு முனகுவாருங்க. இப்ப அதுவுமில்ல. நான் ஒத்தடம் குடுக்க வந்தா, 'எதுக்கு பூங்கொடி, மிஷினே ஒண்ணுமில்லைன்னு சொல்லிருச்சே'ங்கறாரு. மிஷின் சொன்னதை நம்பிட்டாருக்கா. தப்பு தம்மேலதான்னு நெனைக்கறாரு. கூட ஓட்டறவங்க பேசறதில்ல. அவுங்க வலிக்குதுன்னு சொன்னா, 'அத்தியப்பனைப் பாரு, அவனுக்கும் அதே ரோடுதான'ன்னு மேனேஜர் சொல்றாராம். அவுங்களுக்குக் கோவம் வராதா?"

"கால்?"

"போன வாரம் நாப்பத்தியோராவது வளைவுல பிரேக்குன்னு நெனைச்சு வேற எங்கயோ மிதிச்சுட்டாராம். கண்டக்டர் சொன்னாரு. சுவத்துல ஒரசி, கல்லெல்லாம் பேந்து விழுந்து, நின்னுச்சாம். அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமில்லக்கா, வெறும் காத்துதான். காலையில அவர் கெளம்பிப் போனா, கடைசி டிரிப் எறங்குச்சுன்னு போன் வர்ற வரைக்கும் நான் ஒரு வேலை பார்க்கறதில்ல. பஸ் ஆரன் கேட்டா ஈரக்கொலை நடுங்குது. தெனமும் இன்னைக்குத்தான்னு தோணுது."

எனக்குக் கோபம் வந்தது. அந்த உட்பிரிவு 'ஆ'மீது, மேலாளர் ஏறி நின்ற ஸ்டூல்மீது, எண் மட்டும் ஏறுகிற கட்டத்தின்மீது. அந்தக் கோபத்தில், அரசு ஊழியர் ஒருவர் சொல்லக் கூடாத யோசனையை அவளுக்குச் சொன்னேன். முடிவை எதிர்த்து ஒரு முறை மறுசோதனை கேட்கலாம். அன்றைக்கு உள்ளே வருமுன் அவர் காலில் எதையாவது பலமாகப் போட்டுவிடுங்கள். புது வலி. ஆறு தாண்டிவிடும்.

"எதைப் போடறதுங்க?"

"வீட்ல அம்மிக் குழவி இருக்குதில்ல?"

மறுசோதனை நாள் வந்தது. நொண்டிக்கொண்டு வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தியப்பன் எப்போதும்போல விறைப்பாக நடந்து வந்தார். கவுன்ட்டரில் கட்டை விரலை வைத்துப் பதிவு செய்துகொண்டார். அவர் பெயருக்கு வந்த குப்பியை நான் உடைத்து ஊசியில் ஏற்றினேன். உடைத்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பூங்கொடியைத் தனியாக ஓரம் கட்டினேன்.

"போடலையா?"

அவள் முகம் வெளிறியிருந்தது. "போட்டேனுங்கக்கா. வண்டி நிறுத்தற எடத்துல வெச்சு, கூடையோட, பலமாத்தான் போட்டேன். அவரு, 'என்ன பூங்கொடி, கூடை நழுவிருச்சா'ன்னு கேட்டுட்டு நடந்து வர்றாருங்க."

ஷூவைக் கழற்றினோம். வலது காலுறை முழுக்க ரத்தம். பெருவிரல் நகம் பாதி பெயர்ந்து, விரல் நசுங்கி நீலமாக இருந்தது. அத்தியப்பன் வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"இது எப்பங்க ஆச்சு?" என்று என்னிடமே கேட்டார்.

குழவி விழுந்தது தெரியாத அந்தக் கால்தான் நாளைக் காலை அறுபது பேருக்குப் பிரேக் பிடிக்கப் போகிறது. அவசரப் பிரிவுக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று ஊழியர் ஒருவரோடு சக்கர நாற்காலியில் அனுப்பிவைத்தேன். இந்த நிலையில் படம் எடுத்தாலும் பூஜ்யம்தான் வரும். பூஜ்யம் இரண்டாவது தடவையும் வந்தால் அதோடு முடிந்தது. அப்புறம் யாரிடமும் முறையிட முடியாது.

என் கையில் ஊசி இருந்தது. எதிரே பூங்கொடி நின்றிருந்தாள். காந்தத்துக்குள் போவது தலைதான். உள்ளே யாருடைய தலை இருக்கிறது என்று இயந்திரம் கேட்பதில்லை. கவுன்ட்டரில் பதிந்த பெயரையே அது நம்புகிறது.

"பூங்கொடி, நீங்க படுங்க" என்றேன்.

"நானா? எனக்கு ஒண்ணுமில்லையேக்கா."

"இருக்குதா இல்லையான்னு பார்த்துருவோம்."

வளையல், தோடு, கொண்டை ஊசி எல்லாம் கழற்றினாள். தாலிக்குப் பதிலாக ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். எங்கள் பிரிவில் அதற்கென்றே ஒரு கண்டு நூலும் மஞ்சள் தூளும் வைத்திருக்கிறோம். இல்லாவிட்டால் ஒருத்தியும் உள்ளே வர மாட்டாள். மூக்குத்தி மட்டும் வரவில்லை. பதினாறு வயதில் போட்ட திருகாணி இறுகிப்போயிருந்தது. தங்கம்தானே, காந்தம் இழுக்காது என்று மேலே பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். ஊசி போட்டு நாற்பது நிமிடம் உட்கார வைத்து, படம் எடுத்தேன்.

8.9.

டாக்டர் இளவழகன் வந்து படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "பார்த்தீங்களா! லீவே இல்லாம கறுத்திருக்கு. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்." அப்புறம் கொஞ்சம் கிட்டே போனார். மலர்ச்சி மெல்லக் குறைந்தது.

"தமயந்தி, முதுகுக்கும் காலுக்கும் உரிய இடமெல்லாம் சுத்தமா இருக்கு. நடுவுல இருக்கிற இந்த இடம்தான் கறுத்திருக்கு. இது அடுத்தவங்களுக்கு வலிக்கிறதைப் பார்த்தாலும், நினைச்சுப் பயந்தாலும் அலாரம் அடிக்கிற இடம்."

"அப்படிங்களா சார்."

"அப்புறம் மூக்குப் பக்கத்துல ஒரு சின்ன நிழல். அத்தியப்பனுக்கு மூக்குத்தி எப்ப குத்தினாங்க?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பூங்கொடி தோட்டை மாட்டிக்கொண்டிருப்பது அவருக்கும் தெரிந்தது. என் வேலை போவதற்கு அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் நாற்காலியை இழுத்துத் திரையின் முன் உட்கார்ந்தார்.

"குறிப்பு எழுதணுமா சார்?" என்றேன்.

"கட்டத்துல எண் மட்டும்தானே ஏறும்" என்று சொல்லி, 8.9 என்று தட்டினார். அன்றைக்கு அவரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்த அத்தியப்பன், "எனக்கு எப்பங்க படம் எடுக்கறீங்க?" என்றார்.

"எடுத்தாச்சு. நல்ல எண் வந்திருக்கு."

அவர் என்னைப் பார்த்தார், பூங்கொடியைப் பார்த்தார், அவள் கழுத்தில் இருந்த புது மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். "சரிங்க" என்றார்.

எண் மூன்றைத் தாண்டிவிட்டதால் நரம்புச் சோதனைக்கும் வழி பிறந்தது. நாளும் குறித்துக் கொடுத்தார்கள், அடுத்த வருடம் தை மாதம். ஃப்ளெக்ஸ் பேனரை இரண்டே நாளில் இறக்கினார்கள். கூட ஓட்டுகிறவர்கள் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். அவரும் சாதாரண மனிதர்தான் என்று தெரிந்ததில் எல்லாருக்கும் நிம்மதி. டைம் ஆபீஸில் நாற்காலி கிடைத்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் மைக்கில் அவர் குரல் கேட்கும். "செங்கரட்டு மலை செல்லும் வண்டி" என்று சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிதானிப்பார். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும். இத்தனை வருடத்தில் என் இயந்திரம் செய்த ஒரே நல்ல காரியம், ஒரு பொய்யால் நடந்தது.

ஆறு மாதம் கழித்து மறு ஆய்வுக்கு உத்தரவு வந்தது. இலகுப் பணியில் இருப்பவர்களுக்கு வலி குறைந்துவிட்டதா என்று பார்ப்பார்களாம். எண் மூன்றுக்குக் கீழே இறங்கியிருந்தால் பழைய வேலைக்கே திரும்ப வேண்டும். நான் கவலைப்படவில்லை. வழிதான் தெரியுமே.

இரண்டு பேரும் வந்தார்கள். அத்தியப்பன் கட்டை விரலை வைத்துப் பதிவு செய்துவிட்டு, யாரும் சொல்லாமலே, "நான் ஒரு டீ குடிச்சுட்டு வர்றனுங்க" என்று வெளியே போனார். பூங்கொடி எனக்கு ஒரு சீப்பு மலைவாழை கொண்டு வந்திருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கன்னத்தில் ஒரு பளபளப்பு. ஊசி போட்டுக் காத்திருந்த நாற்பது நிமிடமும் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் இப்போதெல்லாம் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறாராம். ஆரன் சத்தம் கேட்டால் ஒன்றும் தோன்றுவதில்லையாம். அந்த இயந்திரம் போடுகிற கடகட சத்தத்தில் மனிதர்கள் பயந்து கத்துவார்கள். இவள் உள்ளே தூங்கியே போய்விட்டாள்.

படம் வந்தது. தும்பைப் பூ மாதிரி வெள்ளை. 0.2.

நானும் டாக்டரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இது எங்கள் புத்திக்கு எட்டாமல் போனதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவர் மலையேறாததால் அவள் நிம்மதியாக இருக்கிறாள். அவள் நிம்மதியாக இருப்பதால் அவர் மலையேற வேண்டும்.

"இன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள எண்ணை அனுப்பணும். இதைப் போட்டா திங்கட்கிழமையே பழைய டியூட்டி" என்றார் டாக்டர்.

"ஊசி இன்னும் ரத்தத்துல சுத்திக்கிட்டுத்தான இருக்கும் சார்?"

"சாயந்திரம் வரைக்கும் இருக்கும். ஏன்?"

நான் வெளியே போனேன். பூங்கொடி பெஞ்சில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பூங்கொடி, படம் வெள்ளையா வந்திருக்குது."

"நல்லதுங்களாக்கா?"

"உங்களுக்கு நல்லது. அவருக்கு எண் பத்தலை. திங்கட்கிழமை காலையில முதல் டிரிப், மலைக்கு."

பின்னிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. "நீங்க ஏதாச்சும் பண்ணுவீங்கல்லக்கா?"

பண்ணுவேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொன்னால் அவளுக்கு நிம்மதி வந்துவிடும். நிம்மதி வந்தால் படம் வெள்ளையாகிவிடும். "இனி எங்கையில ஒண்ணுமில்ல" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "மேல மழை வேற பெய்யுதாமே. ஆறு மாசமா வண்டியைத் தொடாதவரு. அந்த நாப்பத்தியோராவது வளைவுல சுவத்தை இன்னும் கட்டலையாம்" என்றேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பின்னல் அவிழ்ந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் ஏதோ கணக்குப் போடுவது போல அசைந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொள்ளாமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நாற்பது நிமிடம் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே கடினமானது அதுதான்.

"வாங்க பூங்கொடி. மறுபடி படுங்க."

எதற்கு என்றுகூடக் கேட்காமல் வந்து படுத்தாள்.

9.3. டாக்டர் எண்ணைத் தட்டி அனுப்பினார்.

அவள் வெளியே வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மலைக்குப் போக வேண்டாம், நாற்காலி அப்படியே இருக்கிறது, மழையும் இல்லை, சுவரும் எப்போதோ கட்டியாகிவிட்டது என்று. புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா. நான் பயந்த மாதிரி நெனைச்சுக்கிட்டிருப்பேனே."

"நெனைச்சுக்கிட்டா வராது பூங்கொடி. நெசமாப் பயப்படணும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமா, நன்றியா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு இன்னும் ஊசி வரவில்லை. கொண்டையை முடிந்துகொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு, டீக்கடைப் பக்கம் போனாள்.

அடுத்த மறு ஆய்வு ஆறு மாதத்தில். அப்போது நான் மலை என்றாலும் மழை என்றாலும் அவள் நம்ப மாட்டாள். அவள் நம்பும்படியான வேறொன்றை இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.